மரைக்கார் மாடும் மாப்பிள்ளை மாடும்

மாடுகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மாடுகள் என்னை உதைத்ததை விட, என் வாயால் நான் மற்றவர்களுக்கு வாங்கிக்கொடுத்த உதைகள்தான் அதிகம். அதில் பெரியதை எங்கள் மாட்டு டொக்டர் மிஸ் வாங்கினார். கல்முனைக்கு மாற்றலாகி வந்த முதல் கிழமையே வாங்கினார். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

சாய்ந்தமருதில் ஒரு வீட்டுப் பசுவுக்குக் காய்ச்சல். நான் போய் ஊசி போட்டு மாற்றியிருந்தேன். மிஸ் அந்தப் பசுவைச் சினை பார்க்க வந்தார். முழங்கைக்கு மேலே வரும் ரப்பர் உறையை இழுத்து மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“மிஸ்டர் ஆதம்பாவா, இதின்ர குணம் எப்பிடி?”

எங்கள் பக்கத்தில் வருத்தம், அதாவது நோய், மாறினால் அது குணம். ஊசி போட்டவன் வேறு நான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “நல்ல குணம் மிஸ். முழுக்கக் குணம்” என்றேன்.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. அவர் கேட்டது பசுவின் சுபாவத்தை. நான் சொன்னதை நம்பி நேரே அதன் பின்பக்கமாகப் போனார். அந்தப் பசுவோ தெரு முழுக்கப் பேர் போன உதைகாலி. கண் மூடித் திறப்பதற்குள் மிஸ்ஸும் சேலையும் மூக்குக் கண்ணாடியும் சாணிக் குவியலுக்குள் கிடந்தார்கள்.

வீட்டுக்காரப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். “அல்லாஹ்வே! டொக்டரம்மாவ என்னகா செஞ்சீங்க மாஸ்டர்?”

“நான் ஒண்டும் செய்யல்ல, ஒங்கட மாடுதான்.”

மிஸ் எழுந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “இதுவோ நல்ல குணம்?”

“காய்ச்சல் குணம் மிஸ்” என்றேன்.

“இண்டையில இருந்து வருத்தம் மாறினால் சுகம் எண்டு சொல்லுங்கோ. குணம் எண்டு கேட்டால் குணத்தைச் சொல்லுங்கோ.”

அவ்வளவுதான். ஏச்சுமில்லை, முறைப்பாடுமில்லை. அதே பசுவிடம் இன்னொரு முறை போனார். இம்முறை பக்கவாட்டில் நின்று, அதன் இடுப்பில் கையை வைத்தபடி, அது மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்தும் வரைக்கும் பொறுத்து நின்று, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிள் ஏறினார். பசு சினை. நான்தான் மலடு, மூளையில்.

இதையெல்லாம் எழுதச் சொல்லி என்னைப் பிடித்தவர், இப்போது எங்கள் மிருக வைத்தியக் கந்தோரில் என் பழைய கதிரையில் இருந்து வேலை பார்க்கும் தம்பி. ஏதோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து, “சேர், மாடு ஆட்டுக்கும் மனிசரப் போல ஆளுமை இரிக்காம். துணிஞ்சது, பயந்தது, கூட்டத்தோட சேர்றது, தனிச்சி நிக்கிறது எண்டு பிரிச்சிப் பாக்குறாங்களாம். புதுசா வந்திரிக்கி” என்றார். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். “தம்பி, அந்தப் புதுசு கறுப்புக் குடையோட சைக்கிள்ள வந்து, இஞ்ச சாணிக்குள்ள விழுந்து எழும்பிக் கனகாலம்” என்றேன். “அப்ப அத எழுதுங்களன் சேர்” என்றார். மாட்டிக்கொண்டேன்.

எனது படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்டிப் பக்கத்தில் ஒரு பயிற்சிப் பாடசாலை. குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டின் எலும்புகளைச் சிங்களத்தில் மனப்பாடம் செய்து, அவற்றைத் தமிழில் மறந்து, கால்நடைப் போதனாசிரியராக வெளியே வந்தேன். ஊரில் ‘மாட்டு மாஸ்டர்’ என்றார்கள். மாட்டுக்குப் படிப்பிப்பவர் என்றும் கொள்ளலாம், மாடாகவே இருக்கும் மாஸ்டர் என்றும் கொள்ளலாம். ஊரார் இரண்டையும் கொண்டார்கள். சூறாவளி எங்கள் கரையின் தென்னைகளையும் மாட்டுக் கொட்டில்களையும் பிரட்டிப் போட்டதற்கு அடுத்த வருடம் மிஸ் வந்தார். டொக்டர் தவமணி. என்னை விட இரண்டொரு வயது குறைவு. கந்தோர் ஜீப் பெரும்பாலும் கராஜில் கிடந்ததால் சைக்கிளில்தான் போவார். சேலையும் முழங்கால் வரை வரும் ரப்பர் சப்பாத்தும், ஹாண்டிலில் ஆம்பிளைகள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடையுமாக அவர் பிரதான வீதியால் வந்தால், கடைகளில் தராசு நின்றுவிடும். அவர் பின்னால் மருந்துப் பெட்டியோடு நான்.

மற்ற டொக்டர்மார் மாட்டிடம் போனதும் வாலைத் தூக்கி வெப்பமானியைச் செருகுவார்கள். மிஸ் வேலிக்கு வெளியே நிற்பார். ஒன்றும் செய்யாமல், மாட்டின் கண்ணைப் பார்க்காமல், தெருவில் யாருக்கோ காத்திருப்பவர் போல நிற்பார். மாடு அசை போடுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கும். அந்த வாய் மறுபடி எப்போது அசையத் தொடங்குகிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அது தொடங்கும் வரை உள்ளே கால் வைக்க மாட்டார். வீட்டுக்காரர் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, “இரிங்க டொக்டரம்மா” என்று மன்றாடினாலும் அசைய மாட்டார்.

பிறகு நேராகப் போகாமல் சாய்வாக நடந்து உள்ளே போவார். எந்த இடத்தில் மாடு காலை மாற்றி வைக்கிறதோ அந்த இடத்தில் நின்று, மணலில் குதிகாலால் ஒரு கோடு கீறுவார். சில மாட்டுக்குக் கோடு வேலியோடு விழும், சில மாட்டுக்கு மூக்கடியில். அடுத்தது குடை. முதலில் மடித்த குடையை மோந்து பார்க்கக் கொடுப்பார். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று ‘டப்’ என்று விரிப்பார். திடுக்கிடாத மாடு கிடையாது. திடுக்கிடுவதை அவர் கணக்கிலேயே எடுக்க மாட்டார். திடுக்கிட்ட பிறகு என்ன செய்கிறது என்பதைத்தான் பார்ப்பார். கடைசியாக, பக்கத்தில் நிற்கும் மாட்டை அவிழ்த்து மறைவாகக் கொண்டு போகச் சொல்வார். துணை இல்லாத மாட்டின் முகம் வேறு என்பார்.

இந்தச் சோதனைகளுக்குப் பேர் வைக்கும் வேலையை என்னிடம் யாரும் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன். குடை விரிந்ததும் ஒரு முறை திடுக்கிட்டுவிட்டு, மேலிடத்திலிருந்து வந்த இன்னொரு சுற்றறிக்கை என்று நினைத்தாற்போல் மறுபடி அசை போடும் மாட்டுக்கு, கந்தோர்க் குமாஸ்தாக்களை நினைத்து, ‘கிளாக்கர்’ என்று பேர் வைத்தேன். குடையைப் புதினம் பார்க்க ஓடி வரும் மாடு ‘தேத்தண்ணிக்கடை’. குடையை முட்டித் தள்ளும் மாடு ‘மரைக்கார்’. எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது தாய்வழிச் சொந்தக் கூட்டத்துக்கும், தலைவராகப் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார். அவரிடம் சொல்லாமல் கல்யாணமும் நடக்காது, கந்தூரி விருந்தும் நடக்காது. குடை மட்டும் சொல்லாமல் விரியலாமா?

நடுங்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும் மாட்டுக்கு ‘மாப்பிள்ளை’. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போகிறவன். எந்தக் கதவு கிறீச்சிடும், மாமாவின் கதிரை எது, எவ்வளவு சத்தமாக இருமலாம் என்று ஒன்றும் தெரியாமல் அவன் படும் பாட்டை நானும் பட்டவன். முதல் மாதம் முழுக்க யாரும் பார்க்காத நேரம் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

மிஸ் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார்.

“மாப்பிள்ளை எண்டால் பயந்த ஆளோ, இல்லாட்டிப் புது இடத்தில பயப்பிடுற ஆளோ?”

“ரெண்டும் ஒண்டுதானே மிஸ்?”

“இல்லை. ஒண்டு பிறவி. மற்றது இடம். ரெண்டையும் ஒண்டாப் போட்டால் மாட்டுக்கும் அநியாயம், மாப்பிள்ளைக்கும் அநியாயம்.”

அதன் பிறகு அந்தப் பேர்களை என்னை விடக் கவனமாகப் பாவித்தவர் அவர்தான். வரிப்பத்தான்சேனைக்கு எருமைகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போடப் போனோம். வழக்கமாகப் பட்டியின் பெரிய கடாவைத்தான் முதலில் பிடிப்போம். அது துள்ளினால் பட்டியே வயல் வட்டைக்குள் சிதறும். மிஸ் குளக்கட்டில் நின்று பார்த்துவிட்டு, “முதல் கிளாக்கர்மாரைக் கொண்டு வாங்கோ” என்றார். ஊசி ஏறும்போதும் கண்ணைப் பாதி மூடி நின்ற அந்தக் கிழட்டு எருமைகளைப் பார்த்துவிட்டு, மற்றவையும் இது ஏதோ நடைமுறை போலும் என்று வரிசையில் வந்தன. மரைக்கார் கடாவைக் கடைசியில் பிடித்தோம். தன்னை விட்டுவிட்டு எல்லாம் நடந்து முடிந்துவிட்ட ஆச்சரியத்தில் அது முட்டவே மறந்துவிட்டது.

மனிதர்களுக்கும் அவர் அதே கணக்குத்தான். தடுப்பூசி மருந்து வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டி கேட்டுக் கேட்டு நாங்கள் அலுத்துப்போயிருந்தோம். ஒரு நாள் மேலதிகாரி ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் மனிதர். உள்ளே வந்ததும் கூரை ஒழுக்கைக் கண்டார், வாய் நின்றுவிட்டது. நான் குளிர்சாதனப் பெட்டிக் கதையை எடுக்கப் போனேன். மிஸ் கண்ணால் என்னை அடக்கினார். பேசாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல அந்த வாய் மறுபடி அசையத் தொடங்கியது. “சேர், ஒரு சின்ன விசயம்” என்று மிஸ் தொடங்கினார். அடுத்த மாதமே மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி வந்து இறங்கியது.

நானும் வீட்டில் செய்து பார்த்தேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் போய்க் குடையை விரித்தேன். மாமி திரும்பிக் குடையைப் பறித்து மடித்து என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் புடைப்பதைத் தொடர்ந்தார். மிஸ்ஸிடம் சொன்னேன். “மரைக்காரும் கிளாக்கரும் கலந்தவ. நல்ல கலப்பு” என்றார். துணிச்சல் வந்து, “அப்ப நான் எந்த வகை மிஸ்?” என்று கேட்டேன்.

“நீங்கள் குடை.”

இனி, நான் சொல்ல வந்த விசயம்.

நிந்தவூரில் இஸ்மாலெவ்வை காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) என்றொருவர் மாட்டு வண்டி, எங்கள் பேச்சில் கரத்தை, ஓட்டினார். உழவு மிசினும் லொறியும் வந்த பிறகும், வரம்புகளுக்கிடையில் நெல் மூட்டை ஏற்றவும், குறுக்கு ஒழுங்கைகளுக்குள் மணலும் விறகும் பறிக்கவும் மாட்டுக் கரத்தைதான். அவரிடம் பழைய மாடு ஒன்று, ‘பெரியவர்’ என்றுதான் கூப்பிடுவார். நுகத்தில் பெரியவரின் இடம் வலப்பக்கம். அதோடு சோடியாக நின்ற மாடு கிழடு தட்டிவிட, திருக்கோவில் பக்கமிருந்து ஒரு செவலை மாட்டை வாங்கி இடப்பக்கம் கட்டினார். நல்ல உடம்பு, நல்ல இழுவை. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு மீன்காரரின் சைக்கிளைப் பெட்டியோடு கவிழ்த்துவிட்டது. அதை ஊர் பொறுத்துக்கொண்டது. அடுத்ததாக, பள்ளிவாசலிலிருந்து சால்வையை உதறித் தோளில் போட்டபடி இறங்கி வந்த மரைக்காரையே முட்டி வீதியோரத் தண்ணிக் கானுக்குள் தள்ளிவிட்டது. மரைக்காருக்கு இடது கை முறிந்தது. அதை எப்படிப் பொறுப்பது? மாட்டை அறுத்துவிட வேண்டும் என்று அவருடைய குடியைச் சேர்ந்தவர்கள் ஒரே பிடியாக நின்றார்கள். இறைச்சிக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டும் போய்விட்டார். மரைக்கார் மட்டும், “மாட்டாஸ்பத்திரிக்காரர் வந்து பாக்கட்டும். கெட்ட மாடு எண்டு சொன்னா அறுப்பம்” என்றாராம்.

மிஸ் அன்று காரைதீவில் ஒரு பசுவின் பிரசவத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். முன்னால் போய்ப் பார்க்கும்படி என்னை அனுப்பினார். பார்க்கும்படிதான் அனுப்பினார்.

இஸ்மாலெவ்வை காக்காவின் வீட்டு வளவு நிறையச் சனம். செவலை ஒரு மரத்தில் கட்டிக் கிடந்தது. நான் இடப்பக்கமாகக் கிட்டப் போனேன். கயிறு அறுந்துவிடும் போல ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. நான் பின்னால் பாய்ந்தேன். சனம் சிரித்தது. சனம் சிரித்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, வாய் மட்டும்தான் வேலை செய்யும். பிறகு நான் நிகழ்த்திய சொற்பொழிவு இதுதான்:

“இது ஒண்டுமில்ல, இது ஒரு மரைக்கார் மாடு! தான் நிக்கிற எடத்தில வேற ஆள் நிக்கக் கூடாது எண்டு நெனைக்கிற வகை. நாலு பேர் பயந்தாத்தான் இதுக்குத் தீன் செமிக்கும். இது பிறவிக் குணம், திருந்தாது!”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினேன். கதிரையில், கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டபடி, மரைக்கார்.

“ஆரப் பத்திக் கதைக்கிறீங்க மாஸ்டர்?”

“மாட்டப் பத்தி, மரைக்கார்.”

“அப்ப எனக்கு என்னத்துக்குக் காது சுடுது?”

அவர் எழுந்தார். சனத்தைப் பார்த்தார். “மாட்டு மாஸ்டரே சொல்லிட்டாரு, திருந்தாதாம். பொறகென்ன. நாளைக்கு விடிய சுபஹுத் தொழுகையோட இறைச்சிக்கடைக்காரரை வரச் சொல்லுங்க.”

எல்லோரும் போன பிறகு இஸ்மாலெவ்வை காக்கா என்னிடம் வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்கு இரிக்கிறது இந்தக் கரத்த ஒண்டுதான் மாஸ்டர். ஒத்த மாட்ட வெச்சி என்னத்த இழுக்கிற? மத்தப் பக்கம் நானா நிக்கிற?” என்றார்.

காரைதீவுக்கு சைக்கிளை மிதித்தேன். மிஸ் கன்றை வெளியே எடுத்துவிட்டு வைக்கோலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“வாய் அசையும் மட்டும் நிண்டனீங்களோ?”

“இல்ல மிஸ்.”

“குடை?”

“இல்ல.”

“மற்றப் பக்கத்தால போனனீங்களோ?”

“இல்ல மிஸ். ஆக்கள் நிறைய...”

“அப்ப என்னத்தைப் பாத்தனீங்கள்?”

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சைக்கிளில் ஏறிவிட்டார்.

வளவின் வாசல் படலைக்கு வெளியே மிஸ் நின்றார். செவலையின் இடப்பக்கம் அவருக்கு நேரே தெரிந்தது. அசை போட்ட வாய் நின்றது, கண் வெள்ளை தெரிய உருண்டது. நின்றார், நின்றார், அந்த வாய் திரும்பத் தொடங்கவே இல்லை. பிறகு அயல் வீட்டில் கேட்டு அவர்கள் வளவுக்குள்ளால் சுற்றி வந்து, வலப்பக்கத்து வேலியில் நின்றார். செவலை திரும்பிப் பார்த்தது. காதை ஆட்டியது. கொஞ்ச நேரத்தில் வாய் அசையத் தொடங்கியது. அந்த இரண்டு வேலிக்கும் இடையில் மாடு மாறவில்லை, ஆள் மாறவில்லை. பக்கம்தான் மாறியது.

வலப்பக்கத்தில் குடை விரித்தார். திடுக்கிட்டுவிட்டுக் கழுத்தை நீட்டி மோந்தது. இடப்பக்கத்தில் விரித்தார். மரம் ஆடியது. நான் எப்போது கிணற்றுக் கட்டில் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“இடது கண் குருடா மிஸ்?” என்று மேலே இருந்தபடி கேட்டேன்.

மிஸ் பஞ்சைக் கிள்ளி அதன் இடது கண்ணுக்கு முன்னால் மெல்ல விழவிட்டார். கண் பஞ்சோடு சேர்ந்து நிலம் வரை போனது. குருடில்லை. பிறகு வலப்பக்கமாகவே நெருங்கிப் போய், முதுகில் கை வைத்து, இரண்டு தொடைப் பக்கமும் குனிந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடது தொடையில் மயிரில்லாமல், தேய்ந்து பளபளத்த பழைய தழும்பு. வலது தொடையில் ஈரம் காயாத புதுப் புண்.

“காக்கா, இது இதுக்கு முதல் எந்தப் பக்கம் இழுத்தது?”

“வலப் பக்கம் டொக்டரம்மா. திருக்கோவில்ல அவங்கட்ட கண்டுல இருந்தே சோடியா நிண்டது. சூறாவளியில தென்னை முறிஞ்சி விழுந்து மத்தது நசுங்கி மௌத்தாப் பெய்த்து. பொறகு இத மட்டும் வெச்சி என்ன செய்யிற எண்டு எனக்குத் தந்தாங்க.”

மிஸ் கரத்தையின் நடுத்தடியைத் தொட்டுக் காட்டி விளக்கினார். வலத்து மாட்டுக்கு இந்தத் தடி இடப்பக்கம் உரசும், பழைய தழும்பு அதனால்; இடத்து மாட்டுக்கு வலப்பக்கம் உரசும், புதுப் புண் அதனால். வலத்தில் நின்ற காலமெல்லாம் இதற்கு இடப்பக்கம், தடிக்கு அப்பால், சோடி நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து இதன் வாழ்நாளில் ஒன்றுமே வந்ததில்லை. பஸ்ஸும் லொறியும் வலப்பக்கத்தால் போகும், அது பழகின விசயம். இப்போது இடப்பக்கம் திறந்து கிடக்கிறது. கடையிலிருந்து இறங்குகிறவன், மீன் சைக்கிள், உதறுகிற சால்வை எல்லாம் அந்தப் பக்கத்தால்தான் வருகின்றன.

“பெரியவரைக் கொண்டு வந்து இதின்ர இடப்பக்கம் கட்டுங்கோ” என்றார்.

கட்டினோம். செவலை பெரியவரின் விலாவில் தன் விலாவைச் சாய்த்தது. உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் ஓடி நின்றது. மிஸ் பெரியவருக்கு அந்தப் பக்கம் போய்க் குடையை விரித்தார். பெரியவர் ஒரு முறை பார்த்துவிட்டு அசை போட்டார், பச்சைக் கிளாக்கர். செவலை அவர் முதுகுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான்.

“இது மாப்பிள்ளை, மிஸ்டர் ஆதம்பாவா” என்றார். “அதுவும் பிறவியில இல்லை.”

காக்காவுக்கு இன்னொரு கவலை. “பெரியவர எப்பிடி இடப்பக்கத்துக்கு மாத்துற? இவ்வளவு காலமும் வலத்தில நிண்டவரு. கோவிச்சிட்டா?”

“கிளாக்கர்மாருக்கு மாற்றல் பழக்கம் காக்கா” என்றேன். மிஸ் முதன்முறையாக என் பகிடிக்குச் சிரித்தார். வாய் கொஞ்சம் கோணியது, நான் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அசர் தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரம், மிஸ் மரைக்காரிடம் போய் நடந்ததைச் சொன்னார். கூட்டிக் குறைக்கவில்லை. “இது கெட்ட மாடில்லை ஐயா. ஆனால் இடப்பக்கம் வெறுமையாக் கிடந்தால் நாளைக்கும் முட்டும். வலத்தில கட்டினால் முட்டாது எண்டு நான் சொல்லுறன்.”

“நீங்க சொல்லுறீங்க. ஒங்கட மாஸ்டர் வேற சொன்னாரு.”

“அவர் பார்க்காமல் சொன்னவர்.”

மரைக்கார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப அவரே பாக்கட்டும். கரத்த இஞ்சால வரட்டும். நான் அண்டைக்கு நிண்ட எடத்தில நிக்கிறன். மாட்டுக்கு அடுத்த பக்கத்தில மாஸ்டர் நிக்கட்டும், குடையோட.”

இது நீதி என்று எனக்கு விளங்கியது. கால்களுக்கு விளங்கவில்லை.

கரத்தை வந்தது. இடத்தில் பெரியவர், வலத்தில் செவலை, முன்னால் இஸ்மாலெவ்வை காக்கா. மூட்டை வைக்கும் இடத்தில் மிஸ் ஏறி உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் மாட்டுக் கரத்தையில் வருவதைப் பார்க்க வீதியே இரண்டு பக்கமும் நின்றது. காக்காவின் உதடு மட்டும் அசைந்தது, ஓதுகிறார் என்று தெரிந்தது. பள்ளிவாசல் முன்னால் மரைக்கார் நல்ல கையால் சால்வையை எடுத்து ஓங்கி உதறினார். பெரியவர் நடந்தார். செவலையின் காது அந்தப் பக்கம் மடங்கியது, கால் நிற்கவில்லை. அக்கரைப்பற்றுப் பஸ் ஒன்று ஹோர்னை அழுத்திக்கொண்டு வலப்பக்கத்தால் உரசிக்கொண்டு போனது. செவலை அதைச் சட்டையே செய்யவில்லை. இனி நான். அல்லாஹ்வை நினைத்துக்கொண்டு, அதன் மூக்குக்கு நேரே குடையை விரித்தேன்.

செவலை நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முகத்தில் சூடான மூச்சு. திறந்து பார்த்தால் அது குடையின் விளிம்பை மோந்துவிட்டு, என் சட்டைக் கையை வாய்க்குள் எடுத்துச் சப்பிக்கொண்டிருந்தது. வீதி முழுக்கச் சிரிப்பு. இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை.

மரைக்கார் வீதியைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் வந்தார். வலக் கையைச் செவலையின் நெற்றியில் வைத்தார். அது தலையை ஆட்டவில்லை.

“வெச்சிக்க இஸ்மாலெவ்வை. இடத்தில மட்டும் கட்டிராத.”

காக்கா கயிற்றைப் பிடித்தபடி அழுதார். மிஸ் கரத்தையிலிருந்து இறங்கி, வலது தொடைப் புண்ணுக்கு மருந்து பூச ஆரம்பித்தார். அவருக்கு வேலை முடியவில்லை. அவ்வளவு பேரும் பார்த்து நிற்க, ஒரு சொல் பெருமை பேசாமல், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டின் தொடையடியில் குனிந்து நின்ற அவரைத்தான், யாராவது ‘உங்கட சேர்விஸ்ல நீங்க பாத்த பெரிய ஆள் ஆர்?’ என்று கேட்டால் எனக்கு இன்றும் நினைவு வரும்.

மரைக்கார் போகத் திரும்பியவர், என்னிடம் நின்றார்.

“மாஸ்டர், காலையில இதுக்கு ஒரு பேரு வெச்சீங்களே. டொக்டரம்மா என்ன பேரு வெச்சாங்க?”

தப்ப வழியில்லை. “மாப்பிள்ள எண்டு சொன்னாங்க, மரைக்கார். பாக்கிறவங்களுக்கு அதிகாரமாத்தான் தெரியும். உள்ளுக்கு, புதுப் பொண்ணூட்டுக்கு வந்தவன் மாதிரி எந்தப் பக்கத்தால என்ன வருமோ எண்டு ஒரே நடுக்கம். அந்தப் பயத்திலதான் முட்டுறதாம்.”

மரைக்கார் சால்வையைச் சரி செய்தார். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம், அவர் கல்யாணம் முடித்துப் போன மனைவியின் வீட்டு வாசலில் விளக்கு ஏற்றுவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“நான் இன்னமும் அதான்.”